கொடியா, மங்கலா?

கேள்வி: ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு வைக்கப் போகிறோம். அதில் கொடி படர்வது போல டிசைன் போட எனக்கு ஆசை. கணவரோ, முழுக்க மங்கலாக இருந்தால் போதும் என்கிறார். மணல் அடித்துச் சொரசொரப்பாக்கும் சாண்ட் பிளாஸ்டிங், அமிலத்தால் அரிக்கும் ஆசிட் எட்சிங், மேலே ஒட்டும் ஃபிலிம் என்று கடைக்காரர் அடுக்குகிறார். எதை எடுப்பது?

பதில்: டிசைன் இருக்கட்டும். சொரசொரப்பான பக்கம் உள்ளே வருமா, வெளியே வருமா என்று முதலில் கேளுங்கள். கண்ணாடி வேலையிலேயே இருக்கும் நான், சொந்த வீட்டில் அதைக் கோட்டை விட்டேன். மணல் அடித்த பக்கம் உள்ளே வந்துவிட்டது. ஷவரைத் திறந்ததும் தண்ணீர் பட்ட இடமெல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது! வெளிச்சத்தைச் சிதறடிப்பவை அந்தச் சின்னச் சின்னக் குழிகள்தான். அவற்றைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் மங்கல் போச்சு. போதாததற்கு, சோப்பும் உப்புக் கறையும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

ஆழமான கொடி வேலைக்கு சாண்ட் பிளாஸ்டிங் நன்றாக வரும். ஆனால் விரல் பட்டால் தடம் பதியும், மேலே சீலர் என்கிற பாதுகாப்புப் பூச்சு பூசச் சொல்லுங்கள். ஆசிட் எட்சிங் பட்டுப் போல வழவழப்பு, துடைப்பது சுலபம். ஃபிலிம் அலுத்தால் உரித்துவிடலாம். ஈரத்தில் ஓரம் எழும்பும் என்பதால் அதையும் வெளிப்பக்கமே ஒட்டுங்கள்.

இன்னொன்று. டஃபன்ட், அதாவது உறுதியேற்றிய கண்ணாடிதான் போட வேண்டும். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துச் செய்வது அது. அதற்குப் பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. ஆழமாகச் செதுக்கினால் உடைந்து சிதறவும் கூடும். ஆகவே கீல், கைப்பிடித் துளை, செதுக்கு வேலை எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். முழுக்க மங்கலாக்கினால் சின்னக் குளியலறை பெட்டி மாதிரி ஆகிவிடும், அதில் நான் உங்கள் கட்சி. ஆனால் கொடியை மட்டும் போட்டால் இலைகளுக்கு இடையே எல்லாம் தெரியும், அங்கே கணவர் சொல்வது சரி. முழங்காலிலிருந்து தோள் வரை மங்கல், அதற்கு மேலே கொடி ஏறட்டும். கடையில் மாதிரித் துண்டைக் காட்டினால், இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.