மூன்று வரி பேட்ச், இரண்டு வார விவாதம்

அன்புள்ள சார்,

ஒரு திறமூல மென்பொருளுக்கு முதல்முறையாக பேட்ச் (நிரலில் ஒரு திருத்தம்) அனுப்பினேன். மூன்றே வரி. அதில் புதிதாகச் சேர்த்த ஆப்ஷனுக்கு (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் விருப்பத்தேர்வு) என்ன பெயர் வைப்பது என்று இரண்டு வாரமாக ஆளாளுக்குப் பேசுகிறார்கள், நிரலை ஒருவரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை. இது தேவையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த வியாதிக்குப் பெயரே உண்டு, சைக்கிள் கொட்டகை என்று பொருள்படும் பைக்‌ஷெட். அணு உலைக்கு எளிதாகக் கையெழுத்துப் போடும் கமிட்டி சைக்கிள் கொட்டகைக்கு மல்லுக்கட்டும் என்பது பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் சொன்ன கதை. கொட்டகை எல்லோருக்கும் புரியும், அதுதான் காரணம். 1999-ல் ஃப்ரீபிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தின் குழுவில், சொன்ன நேரம் காத்திருக்கும் ஸ்லீப் கட்டளைக்கு அரை விநாடி, கால் விநாடி என்று பின்னத்தில் கொடுக்க வழி செய்யலாமா என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போனபோது, அந்தக் குழுவின் நிரலாளர் பால்-ஹென்னிங் காம்ப் நொந்துபோய் எழுதிய மடலில் இந்தக் கொட்டகையைக் கொண்டுவந்தார், சொல் நிலைத்துவிட்டது.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான். நிரலுக்குள் இருக்கும் மாறியின் (வேரியபிள்) பெயருக்கு இவ்வளவு பேசியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அதை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆப்ஷன் அப்படியில்லை, வெளியீட்டில் போனதும் யாரோ முகம் தெரியாதவர் அதைத் தன் ஸ்கிரிப்டில் எழுதிவிடுவார், அப்புறம் கை வைக்க முடியாது.

இதற்கு ஒரு பழைய உதாரணம் மேக், நிரலைத் தொகுத்து மென்பொருளாக்க உதவும் கருவி. அது படிக்கும் குறிப்புக் கோப்பான மேக்ஃபைலில் கட்டளை உள்ள வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி தெரியும்தானே? எட்டு ஸ்பேஸ் அடித்தால் திரையில் டேப் மாதிரியேதான் இருக்கும், மேக் மட்டும் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று சொல்லி நின்றுவிடும் (ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன்). 1976-ல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், அப்போதைக்கு வேலை செய்கிறதே என்று டேப்பை வைத்தார். சில வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள், அவர்களுடைய கோப்புகள் உடையக்கூடாதே என்று மாற்றாமல் விட்டுவிட்டார். இன்றைக்கும் டேப்தான்.

நிரலை யாரும் பார்க்கவில்லை என்பது நியாயமான குறை. பெயர் பேச்சை அது போகிற போக்கில் விடுங்கள். அந்தக் கோப்பில் கடைசியாக மாற்றம் செய்தவர் யார் என்று கிட் லாகில் (யார் எதை மாற்றினார் என்ற பதிவேடு) பார்த்து, அவரிடம் நேராக, "இந்த மூன்று வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். பெயருக்கு உங்கள் கையில் இரண்டு இருந்தால் போதும், எது என்று அந்த மென்பொருளின் பராமரிப்பாளர் சொல்லட்டும். அவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காத பெயராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிடுங்கள்.