விறகுக் கடை அக்கா பதில்கள்

போன இதழில் என் கடைப் படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சிற்பி இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா நடத்திய விறகுக் கடையில் தராசு பிடித்து வளர்ந்தவள். வீட்டுக்கு வீடு கேஸ் வந்தபிறகு ஓட்டல்காரர்களும் கல்யாணச் சமையல்காரர்களும்தான் விறகுக்கு மிச்சம். கோடாலி போட மனசு வராத கட்டைகளை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தேன், அவற்றை விளக்காகவும் அலங்காரப் பொருளாகவும் செய்ய ஆரம்பித்தேன். இன்றைக்கு அந்த மூலைதான் கடை, மற்றதெல்லாம் மூலை.

ஏற்காட்டில் சித்தப்பா தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட காப்பி வேர்க்கட்டை ஒன்றை, விளக்கு செய்யலாம் என்று எடுத்து வந்தேன். இரண்டு மாதமாக அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. தண்டுத் துளைப்பான் பூச்சிதான், எரித்துவிடு என்கிறார் சித்தப்பா. எரிக்கத்தான் வேண்டுமா அக்கா?
*– ஒரு வாசகி, அம்மாபேட்டை*

சித்தப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அராபிகா காப்பிக்குப் பூச்சிகளில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானைவிடப் பெரிய எதிரி கிடையாது. பூச்சி விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் தோட்டத்து வழக்கம். வெட்டிப் போட்ட கட்டைக்குள் புழு உயிரோடு இருந்து, வண்டாக வெளியே வந்து, பக்கத்துச் செடியில் முட்டை வைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒருமுறை அதற்குப் பறக்கிற காலம்.

ஆனால் உங்கள் கட்டையில் இருப்பது அது இல்லை என்று நினைக்கிறேன். தண்டுத் துளைப்பான் தூளை வெளியே தள்ளாது. தான் குடைந்த வழியிலேயே கெட்டியாக அடைத்துக்கொண்டு போகும். மாவாகக் கொட்டுகிறது என்றால் அது உளு வண்டு. குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், பாருங்கள். மரத்தின் வெளிப்பகுதியில் இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் அது வருகிறது. வைரம் பாய்ந்த பகுதியை அநேகமாகத் தொடாது. எதற்கும் கட்டையின் அடியில் ஒரு அங்குலம் அறுத்துப் பாருங்கள். மாவு திணித்த வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து கோடுகள் தெரிந்தால் சித்தப்பா ஜெயித்தார், அடுப்பில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்.

பட்டையை முழுக்க உரியுங்கள். கறுப்பு பாலிதீன் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி மொட்டை மாடியில் போடுங்கள். ஏற்றுமதிப் பெட்டி செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மரத்தின் நடு மையம்வரை 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிஷம் அப்படியே நிற்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் மேலே அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும், உள்ளே போவதுதான் சந்தேகம். அதனால் மணிக்கட்டுப் பருமன் கட்டைக்கே ஒரு வாரம் விடுவேன், திருப்பித் திருப்பிப் போடுவேன். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் பவுடர் கரைத்து மூன்று முறை பூசுங்கள். கேரம் போர்டில் தூவுகிறோமே, அதே போரிக்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மீதியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பாலிஷ் அடித்த பிறகு இதைப் பூசினால் ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. முதலில் மருந்து, அப்புறம்தான் அலங்காரம்.

காப்பிக் கட்டையை விட்டுவிடாதீர்கள். கனமாக இருக்கும், வரி தெரியாமல் வழவழப்பாக வரும், தேய்க்கத் தேய்க்கத் தந்தம் போல ஆகும். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி நான் ஏற்காட்டுக்குப் போவதே அதற்குத்தான்.

சாலையோரம் வெட்டிய புளியமரத்தை அறுவை மில்லில் கொடுத்து வட்ட வட்டமாகத் துண்டு போட்டேன். ஒன்றுவிடாமல் நடுவிலிருந்து விளிம்புவரை வெடித்துவிட்டது. பச்சையாக அறுத்ததுதான் தப்பா?
*– ஒரு வாசகர், ஆத்தூர்*

பச்சையாக அறுத்ததும் ஒரு காரணம். ஆனால் வட்டத் துண்டு காய்ந்த மரத்திலும் தொல்லைதான். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றளவு அதிகம் குறைகிறது, ஆரம் அவ்வளவு குறையவில்லை. எங்காவது ஒரு இடத்தில் பிளந்துதானே ஆக வேண்டும்? இனிமேல் துண்டு போடாமல் முழுக் கட்டையாகவே வையுங்கள். வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகோ பழைய பெயின்ட்டோ தடவி, தரையில் படாமல் செங்கல்மேல் நிழலில் அடுக்குங்கள். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று அப்பா சொல்வார். விறகு விற்கிறவர் எதற்கு இவ்வளவு காத்திருக்கச் சொல்கிறார் என்று அப்போது சிரித்திருக்கிறேன்.

வெடித்ததைத் தூக்கிப் போடாதீர்கள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கவும் வேண்டாம், அது பல்லில் சிமென்ட் வைத்த மாதிரி காட்டிக்கொடுக்கும். துண்டைச் சுவரில் மாட்டி, பின்னால் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒன்றை ஒட்டுங்கள். வெடிப்பு வழியாக மட்டும் வெளிச்சம் வரட்டும். என் கடையில் முதலில் விற்றுப்போவது அதுதான்.

சில்வர் ஓக் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கை, கழுத்தெல்லாம் ஒரே அரிப்பு.
*– ஒரு வாசகி, நாகலூர்*

அந்த மரத்துத் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிற்கிற மரம். முழுக்கைச் சட்டை, முகத்தில் நல்ல மாஸ்க், தண்ணீர் தொட்டுத் தேய்த்தல். அப்படியும் அரித்தால் தோல் டாக்டரைப் பாருங்கள், சில்வர் ஓக்கை விட்டுவிடுங்கள். அரிக்காதவர்களும் மாஸ்க் போட வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் 1995-லேயே சேர்த்துவிட்டார்கள்.

அக்கா, நான் கல்லூரி மாணவன். வேர்க்கட்டையில் மேஜை விளக்கு செய்தேன். ஒரே வாரத்தில் ஹோல்டரைச் சுற்றி மரம் கருகிவிட்டது. வளைந்த வேருக்குள் வயரை எப்படிக் கொண்டுபோவது என்பதும் புரியவில்லை.
*– ஒரு வாசகர், ஓமலூர்*

தம்பி, குண்டு பல்பு போட்டிருக்கிறாய், சரிதானே? மரத்துக்குள் அது கூடவே கூடாது. 5 வாட், மிஞ்சினால் 7 வாட் எல்.இ.டி. போதும். பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கிற மஞ்சள் வெளிச்சம் வாங்கு. எல்.இ.டி.க்கும் அடிப்பக்கம் சுடும், அதனால் பொந்துக்குள் இறுக்கி அடைக்காமல் மேலேயும் கீழேயும் காற்றுக்கு வழி விடு.

வளைந்த வேரை நேராகத் துளைக்க முடியாது. முதுகுப் பக்கம் உளியால் ஒரு வாய்க்கால் எடுத்து, வயரைப் படுக்கவைத்து, அதே மரத்துச் சிம்பை மேலே ஒட்டிவிடு. வயர் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, 0.75 சதுர மில்லிமீட்டர். அடியில் வயர் வெளியே வருகிற ஓட்டைக்கு ரப்பர் புஷ். ஹோல்டருக்குள் வயரில் ஒரு முடிச்சுப் போடு, யாராவது இழுத்தால் இழுவை முடிச்சோடு நிற்கும், திருகாணிக்குப் போகாது. பித்தளை ஹோல்டர் என்றால் மூன்று வயர், எர்த் கட்டாயம். இதெல்லாம் என் தம்பி, அவன் வயர்மேன், தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. முதல் விளக்கைப் பிளக்கில் செருகுமுன் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிவிடு, கண்ணு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மேல்பூச்சுக்கு நான் வார்னிஷ் போடுவதில்லை, லின்சீட் ஆயில்தான், அதாவது ஆளி விதை எண்ணெய். மூன்று வருஷத்துக்கு முன்னால் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு கோணிச் சாக்கில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு நாற்றம், சாக்கின் அடியிலிருந்து புகை. தீப்பெட்டி பக்கத்தில்கூட இல்லை. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து தானே சூடாகும், சுருட்டி வைத்தால் அந்தச் சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. சுற்றிலும் இரண்டு டன் காய்ந்த விறகு, நடுவில் நான் ஒரு குடம் தண்ணீரோடு! அன்றிலிருந்து துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துத்தான் போடுகிறேன்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது கரையில் அழகழகாகக் கட்டைகள் கிடக்கின்றன. காட்டு ஓடையிலும் பார்த்திருக்கிறேன். எடுக்கலாமா?
*– ஒரு வாசகர், கொளத்தூர்*

காப்புக்காட்டுக்குள் விழுந்து கிடக்கிற சுள்ளியும் வனத்துறையுடையது. தமிழ்நாட்டு வனச் சட்டம் 1882-லேயே வந்தது. சந்தனமோ ஈட்டியோ கையில் இருந்தால் கேட்கவே வேண்டாம், ஈட்டிக்கு 1994-ல் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். அணைக்கரையிலும் உரியவர்களிடம் கேட்காமல் தொடாதீர்கள். தண்ணீரில் ஊறின கட்டை அழகுதான், மிருதுவானதெல்லாம் போய் வைரம் மட்டும் நிற்கும். ஆனால் இடுக்கெல்லாம் மணல். ஒரே நாளில் மூன்று உளியை மழுக்கியிருக்கிறேன்.

பழைய ஓட்டுவீடு இடிக்கிற இடத்துக்குப் போங்கள். கரையான் அரித்த உத்தரத்தின் நுனியை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள், உள்ளே ஆணி இருக்கும்.

வேரில் பிள்ளையார் செதுக்க ஆசை. தம்மம்பட்டிக்குப் போய்க் கற்றுக்கொள்ளட்டுமா?
*– ஒரு வாசகி, கெங்கவல்லி*

பக்கத்திலேயே இருக்கிறீர்கள், கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே மரச்சிற்பம் செய்கிறவர்கள் வேலை வேறு. வாகையையோ தூங்குமூஞ்சியையோ பாளமாக எடுத்து, தாளம் என்கிற சிற்ப அளவு போட்டு, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று இறக்குவார்கள். வேர்க்கட்டையில் அந்த அளவெல்லாம் நடக்காது. அங்கே உளி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், உளியைக் கீழே வைக்க நீங்களாகத்தான் பழக வேண்டும். நீளமாக ஒரு வேர் தொங்கினால் எல்லாருக்கும் தும்பிக்கைதான் தெரிகிறது. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான். ஒரு சில்வர் ஓக் கவட்டையை பிள்ளையாராக்கப் போய்க் கெடுத்தேன். சும்மா விட்டிருந்தால் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு.

விறகுக் கட்டைக்கு 4,500 ரூபாயா?
*– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி*

கடைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் புளியவேர் நாலு வருஷம் செங்கல்மேல் கிடந்தது, பதினோரு நாள் என் மடியில் கிடந்தது. கட்டுப்படியாகாது என்றால் உள்பக்கம் தராசு இருக்கிறது, கிலோ கணக்கில் போட்டுத் தருகிறேன். பிளக்கிற கூலி தனி.