தோட்ட நிலத்துக்கு யாரிடம் அனுமதி? மாநிலமா, மத்திய அரசா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து மக்கள் கேட்டவை. பதில், நில அனுமதி விவரம் தெரிந்த ஒருவர்.

செம்பனைக்காரர்: அண்ணே, 1,300 ஏக்கர் பால்மரக் (ரப்பர்) காட்டை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போடப் போகிறோம். நில அலுவலகம் சரி என்றால் போதாதா?

போதாது. 1,300 ஏக்கர் என்பது 526 ஹெக்டர். பயிர் வகை மாறும் தோட்டம் 500 ஹெக்டரை (சுமார் 1,235 ஏக்கர்) எட்டினாலே, 2015 ஆணைப்படி சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வேண்டும். பதிவு பெற்ற ஆலோசகர் எழுத வேண்டும். அங்கீகரிப்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை.

கிராண்டையும் (நிலப் பட்டா) எடுத்துப் பாருங்கள். பழைய கிராண்டில் ‘ரப்பர்’ என்று நிபந்தனை இருந்தால், தேசிய நிலச் சட்டம் 124-வது பிரிவின்கீழ் மாநிலத்திடம் மாற்ற வேண்டும். மாற்றாமல் நட்டால் 127-வது பிரிவில் அபராதம், முற்றினால் நிலமே பறிமுதல். செம்பனையை வெட்டிச் செம்பனையே நடுவதென்றால் பயிர் வகை மாறவில்லை, அந்த அறிக்கை வேண்டாம்.

அவரே: 650, 650 ஏக்கராகப் பிரித்துப் போட்டால்?

எல்லோருக்கும் வரும் யோசனைதான். ஒரே முதலாளி, ஒட்டிய நிலம், ஒரே லாரிப் பாதை என்றால் ஒரே திட்டமாகத்தான் தெரியும். பாதி வெட்டிய நிலையில் வேலையை நிறுத்தச் சொல்லி ஆணை வந்தால், அடுத்த மழைக்கு மண் முழுக்கக் கால்வாயில்.

ஆற்றோரத்து அக்கா: எண்ணெய் ஆலைக் கழிவு ஆற்றில் நாறுகிறது, தம்பி. ஆறு மாநிலத்துடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சுற்றுச்சூழல் துறை எங்களை அனுப்பிவிடலாமா?

அனுப்பக் கூடாது, அக்கா. ஆறு மாநிலத்தினுடையது, ஆலையின் உரிமம் சுற்றுச்சூழல் துறையினுடையது. ஆற்றில் விடும் கழிவின் பி.ஓ.டி. (கழிவு மக்கும்போது நீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சில உரிமங்களில் இன்னும் கடுமை. பெரும்பாலும் கோளாறு, ஆலையின் கழிவுச் சுத்திகரிப்புக் குளங்களில்தான்: அடியில் சேறு ஏறினால் கழிவு தங்கும் நாள் குறையும், வேகாத சோறு மாதிரி பாதியில் வெளியேறும். கனமழையில் கரையும் வழியும். தேதி, மணி, எந்தக் குழாய், தண்ணீரின் நிறம், இவற்றைப் படத்தோடு எழுதிக் கொடுங்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் வழக்குக்கு நிற்காது, அதிகாரி வந்து எடுக்க வேண்டும்.

பள்ளி வாத்தியார்: இந்த அனுமதி முறையில் சீர்திருத்தம் என்றால் எதை மாற்ற வேண்டும்?

வரிசையை. அரசியலமைப்பின் 9-வது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில். மாநிலம் முதலில் நிலத்தை ஒதுக்கிப் பிரீமியத்தையும் (நிலத்துக்கான கட்டணம்) வாங்கிவிட்டால், பின்னால் வரும் அறிக்கை ‘எப்படிச் செய்வது’ என்று மட்டுமே பேசும். அறிக்கை முடிவாகும்வரை நில நிபந்தனை மாறக் கூடாது என்பது என் கருத்து. மாநிலத்துக்கும் வருமானம் வேண்டுமே! காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசின் 2025 பட்ஜெட் ஒதுக்கியது 25 கோடி ரிங்கிட். எல்லோருக்கும் பங்கிட்டால் மரத்துக்கும் பிரீமியத்துக்கும் ஈடாகாது.

மீரியில் தம்பி உள்ளவர்: சரவாக்கிலும் இதே கதையா?

இல்லை. அங்கே 1994 முதல் சொந்தச் சுற்றுச்சூழல் வாரியம். சபா மாநிலத்தில் 2002 முதல் சொந்தச் சுற்றுச்சூழல் சட்டம். சரவாக்கின் பக்குன் அணை வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-ல், அந்த நிலத்துக்கும் ஆற்றுக்கும் மாநிலச் சட்டமே பொருந்தும் என்றது. தம்பியை அங்குள்ள வாரியத்திலேயே கேட்கச் சொல்லுங்கள்.