என் பைக்கில் 428 செயின், முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டை 42 பல்லிலிருந்து 45 பல்லாக மாற்றினால் செயினையும் நீளமாக மாற்ற வேண்டுமா? ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

அது உங்கள் பின் ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்விங் ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையில், உள்ள நீள் துளையில் ஆக்ஸிலை முன்னே தள்ள 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருந்தால் பழைய செயினின் நீளமே போதும். இல்லையென்றால் 2 லிங்க் கூடுதலாக வேண்டும்.

கணக்கு இப்படி வருகிறது. செயின் பின் ஸ்ப்ராக்கெட்டைச் சுமார் பாதி வட்டம்தான் சுற்றுகிறது. அதனால் ஒரு பல் கூடினால் அரை லிங்க் நீளம் கூடுதலாகத் தேவை. அந்த அரை லிங்கை மேல் செயினும் கீழ் செயினும் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. ஆகவே ஒரு பல்லுக்கு ஆக்ஸில் நகர்வது கால் லிங்க். உங்களுடையது 428 செயின் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் முதலில் உள்ள 4, ஓர் அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு, அதாவது ஒரு லிங்க் 12.7 மில்லிமீட்டர். (520, 525, 530 செயின்களில் அது 15.875.) கால் லிங்க் சுமார் 3.2 மில்லிமீட்டர். மூன்று பல் கூட்டினால் சக்கரம் 9.5 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும்.

அந்த இடம் இல்லாவிட்டால் ஒரே ஒரு லிங்க் சேர்க்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். உள் தகடும் வெளித் தகடும் மாறி மாறி வருவதால் செயினில் லிங்க் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். ஒற்றை லிங்க் சேர்க்க ‘அரை லிங்க்’ எனப்படும், வளைந்த தகடு கொண்ட தனி லிங்க் கிடைக்கும், ஆனால் அது பலவீனமானது, பைக்கில் வேண்டாம். 2 லிங்க் சேர்த்தால் ஆக்ஸில் 12.7 மில்லிமீட்டர் பின்னே போகும், அதில் 9.5 கழிந்து, இப்போது இருக்கும் இடத்துக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் வந்து நிற்கும்.

சரி, ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்பதுதானே உங்கள் பிரச்சினை? அப்படியானால் முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் 14-லிருந்து 13 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். இப்போது உங்கள் விகிதம் 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. இந்த எண் கூடினால் இழுவை கூடும். 45/14 என்றால் 3.21. 42/13 என்றால் 3.23. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். 13 போட்டால் ஆக்ஸில் 3 மில்லிமீட்டர் பின்னே போனால் போதும், செயினைத் தொடவே வேண்டாம். ஏற்றத்தில் எவ்வளவு இழுக்கிறது, நெடுஞ்சாலையில் இன்ஜின் இரைச்சல் உங்களுக்குத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளலாம். முன்பு 6000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு இனி 6450 பக்கம் வேண்டியிருக்கும்.

அந்த இழுவை பிடித்துப்போனால், நிரந்தரமாக 45-க்கு மாறுவதுதான் என் விருப்பம். 13 பல்லில் செயின் இன்னும் இறுக்கமாக மடங்குகிறது, சீக்கிரம் தேய்கிறது. முன்பக்கம் செயின் 2 மில்லிமீட்டர் கீழே இறங்குவதால், ஸ்விங் ஆர்ம் மேல் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டையில் அதிகமாக உரசும். 45-இல் பார்க்க வேண்டியது வேறு: ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 6 மில்லிமீட்டர் கூடும், செயின் கவர் மூடியிருக்கும் வண்டிகளில் அது இடிக்கிறதா என்று கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். சக்கரத்தை முன்னே கொண்டுவந்திருந்தால் டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடு தொளதொளவென்று ஆகியிருக்கும், அதை மறுபடி செட் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பழைய செயின் போதும் என்றது நீளத்துக்குத்தான். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பினால் அந்த செயின் முடிந்தது. தேய்ந்த செயின் புது ஸ்ப்ராக்கெட்டையும் தின்றுவிடும். அப்போது செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

புது செயினை வெட்டுவதற்கு முன்: இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் மாட்டி, ஆக்ஸிலைத் துளையின் முன்பகுதியில், ஆனால் முன் முட்டில் ஒட்டாமல் வைத்து, செயினைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளும் பின் ஸ்ப்ராக்கெட் மேல் சந்திக்கிற இடத்தில் குறியிடுங்கள். இரு முனையிலும் உள் தகடு வர வேண்டும், நடுவே இரு முனையையும் இணைக்கும் லாக் உட்காரும். எண்ணும்போது உள் தகடு, வெளித் தகடு இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும், லாக்கும் ஒன்று. வெளித் தகட்டை மட்டும் எண்ணிவிட்டு 62 என்பவர்களின் செயின் உண்மையில் 124. கிளிப் லாக் என்றால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

முன் ஸ்ப்ராக்கெட் நட்டை, பழைய செயின் மாட்டியிருக்கும்போதே பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு தளர்த்திவிடுங்கள். செயினைக் கழற்றியபின் ஸ்ப்ராக்கெட் கூடவே சுற்றும்.

செயினில் தொய்வு எவ்வளவு என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். இறுக்கமாக வைப்பதுதான் ஆபத்து. ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் அசையும் அச்சு, ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும், செயின் அங்கேதான் மிக அதிகமாக இழுபடும். தொய்வு இல்லாவிட்டால் அந்த இழுப்பு கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போகும்.

ஸ்பீடோமீட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன் சக்கரத்திலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியில் ஒன்றும் மாறாது. கியர்பாக்ஸிலிருந்து எடுப்பதென்றால், 45 போட்டபின் 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 56-தான். ஓடிய தூரமும் அதே அளவு கூடுதலாகக் காட்டும், மைலேஜ் கணக்கு போடும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.