வாசகர் கேள்வி–பதில்: மலையடி முகாமுக்கு இரண்டு கிழமை போதுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. நாள்தோறும் காலையில் உப்புவெளிக் கடற்கரையில் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறேன்; நோய் எதுவும் இல்லை. வருகிற ஒக்ரோபரில் நண்பர்கள் மூவருடன் நேபாளத்தின் மக்காலு அடிவார முகாம் வரை நடந்து போய்வர எண்ணியுள்ளேன். எவரெஸ்ட் பாதையில் கூட்டம் அதிகம் என்பதால் இதைத் தேர்ந்தோம். விடுமுறை இரண்டு கிழமைதான் கிடைக்கும். இப்போதைய பயிற்சி போதுமா?
— வாசகர் ஒருவர், திருகோணமலை

பதில்: உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த இரண்டு கிழமைதான் கவலை தருகிறது. மக்காலு அடிவார முகாம் சுமார் 4,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். அதற்கு ஈடுகொடுக்க மூச்சு ஆழமாகி, அதனால் மாறும் இரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்து முடிப்பதற்குப் பல நாட்கள் எடுக்கும். கடற்கரை ஓட்டம் அந்த நாட்களில் ஒன்றைக்கூடக் குறைக்காது. நல்ல உடற்பலம் உள்ளவர்கள்தான் வேகமாக ஏறி முதலில் நோயில் விழுகிறார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இலங்கையிலேயே உயர்ந்த பீதுருதலாகல மலை 2,524 மீற்றர்தான். எவரெஸ்ட் பாதை தொடங்கும் லுக்லா விமான நிலையமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. எனவே இந்தப் பழக்கத்தை நம் நாட்டில் பெற வழியில்லை.

மூவாயிரம் மீற்றரைத் தாண்டிய பிறகு, முதல் நாள் படுத்த இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயர்ந்த இடத்தில் மறுநாள் படுக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவும் வேண்டும். மக்காலு பாதையிலோ, சுமார் 2,100 மீற்றரில் உள்ள தாசிகாவுன் கிராமத்திலிருந்து புறப்படுவோர் அடுத்த இரவைச் சுமார் 3,500 மீற்றரில் உள்ள கோங்மாவில் கழிப்பதே வழக்கம். இடையில் தங்க வசதி குறைவு. கோங்மாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்காத எந்த நிரலையும் ஏற்காதீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கோங்மாவைக் கடந்தபின் 4,000 மீற்றருக்கு மேலான கணவாய்களைத் தாண்டித்தான் பருண் பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். நோயாளியைச் சுமார் 3,600 மீற்றர் வரை பள்ளத்தாக்குக்குள்ளேயே இறக்கலாம். அதற்குக் கீழே ஊர்ப்பக்கம் கொண்டுவர வேண்டுமானால் மீண்டும் அந்தக் கணவாய்களில் ஏற வேண்டும். மேகம் மூடினால் ஹெலிகொப்டரும் வராது.

எவரெஸ்ட் பாதையில் நான் கண்ட ஓர் இரவைச் சொல்கிறேன். 4,940 மீற்றரில் உள்ள லொபுச்சேயில், கூட வந்த நண்பர் தன் மேலங்கியின் சிப்பை மூட முடியாமல் ஐந்து நிமிடம் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு ஐயம் எழுந்தது. வயல் வரப்பில் நடப்பதுபோல ஒரு பாதத்தின் விரலோடு மறு பாதத்தின் குதி முட்டும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் சுவரில் சாய்ந்தார். மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. முந்தைய நாளிலிருந்தே தலையிடி இருந்ததாம். செலவழித்த பணம் வீணாகிவிடுமே என்று மறைத்திருக்கிறார். விடியும்வரை காத்திராமல் இருவர் தோள் கொடுத்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பெரிச்சேக்கு இறக்கினோம். அங்கே மலையேற்றக் காலத்தில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிகிச்சை நிலையம் இயங்குவதால் ஒட்சிசனும் மருந்தும் உடனே கிடைத்தன. பருண் பள்ளத்தாக்கில் இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே, கொழும்பிலிருந்து புறப்பட்டுத் திரும்ப மூன்று கிழமைக்குக் குறையாமல் கிடைக்கும் ஆண்டில் மக்காலுவுக்குப் போங்கள். இவ்வாண்டு இரண்டு கிழமைதான் என்றால், 4,130 மீற்றரில் உள்ள அன்னபூர்ணா அடிவார முகாமைத் தேர்ந்தெடுங்கள். அங்கும் கூட்டம் உண்டு, ஆனால் அவசரம் வந்தால் ஒரே நாளில் வெகுவாக இறங்கிவிடலாம். அதுவரை ஓட்டத்துடன், பத்துக் கிலோ சுமையோடு கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பழகுங்கள். முழங்கால் நோவது இறக்கத்தில்தான்.

கேள்வி: உயரத்துக்கென்று ஒரு மாத்திரை இருக்கிறதாமே, அதைப் போட்டால் வேகமாக ஏறலாமா?
— வாசகி ஒருவர், நிலாவெளி

பதில்: அசெற்றசோலமைட் என்பது அதன் பெயர். தடுப்புக்காகப் பெரும்பாலும் 125 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்தே தருவார்கள். உடல் பழகுவதற்கு அது உதவும். நாட்களைச் சுருக்குவதற்கு அதை நம்பக் கூடாது. விரல் நுனிகள் மரத்துக் கூசும், சிறுநீர் அடிக்கடி போகும். சல்பா மருந்துகள் உங்களுக்கு ஒவ்வாதவை என்றால், அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.