எடைப்பிரிவு ஏற ஏற அடியின் வலு குறையும் என்கிறார்களே, ஜப்பான் குத்துச்சண்டை வீரர் நவோயா இனோவேக்கு மட்டும் ஏன் அப்படி ஆகவில்லை?

பொதுவாகச் சொன்னால் அந்தப் பேச்சு சரிதான். கீழ்ப்பிரிவில் எல்லோரையும் சாய்த்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு பிரிவு மேலே போனால், அங்கிருப்பவர்கள் அதே அடியை வாங்கிக்கொண்டு அசராமல் நிற்பார்கள். இனோவே ஆரம்பித்த எடைதான் அவருக்குப் பொருந்தாத எடை என்பது என் கருத்து. அங்கே நாம் பார்த்தது பாதி இனோவேயைத்தான்.

2014 ஏப்ரலில், தன் ஆறாவது தொழில்முறைச் சண்டையிலேயே, மெக்சிகோவின் அட்ரியான் எர்னாண்டஸை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தி டபிள்யூபிசி (உலகப் பட்டம் கொடுக்கும் நான்கு அமைப்புகளில் ஒன்று) லைட் ஃப்ளைவெயிட் பட்டத்தை வாங்கினார். வயது 20. அந்தப் பிரிவின் வரம்பு 108 பவுண்டு, அதாவது 49 கிலோகூட முழுசாக இல்லை. அந்த எடைக்கு இறங்க உடம்பை அவ்வளவு வற்ற வைத்ததில், சண்டை நடுவிலேயே அவருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள். அதற்குள் தண்ணீரைக் குறைத்து, வியர்வையாக வெளியேற்றி, வரம்புக்குள் வந்தாக வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பில் ஐந்து கிலோ என்றால் பத்தில் ஒரு பங்கு. குத்தின் வலு தரையிலிருந்து கால் வழியாகவும் இடுப்பு வழியாகவும்தான் கைக்கு வருகிறது. கால் வற்றிப்போனால் கை மட்டும் என்ன செய்யும்?

ஒரே ஒரு முறை பட்டத்தைக் காத்துவிட்டு, நடுவிலிருந்த ஃப்ளைவெயிட்டைத் தாண்டி நேராக 115 பவுண்டுக்குப் போனார். பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பக்கியாவும் இப்படித்தான். 1999-ல் ஃப்ளைவெயிட் வரம்புக்குள் வர முடியாமல் தராசிலேயே பட்டத்தை இழந்து, சண்டையிலும் தோற்றார். பிறகு இரண்டு பிரிவுகளைத் தாண்டி 122 பவுண்டு சூப்பர் பேண்டமுக்குப் போனதும் ஆளே வேறு ஆனார்.

2014 டிசம்பர் 30 அன்று இனோவேக்கு எதிரே நின்றவர் அர்ஜென்டினாவின் ஓமர் நார்வாயஸ். நெடுங்காலச் சாம்பியன். அதுவரை யாரும் அவரை நாக் அவுட் செய்ததில்லை. 2011-ல் பிலிப்பைன்ஸில் பிறந்த நொனிட்டோ டொனேரே பன்னிரண்டு ரவுண்டும் ஆடிப் புள்ளிக் கணக்கில்தான் ஜெயிக்க முடிந்தது. அவரை இனோவே முதல் நிமிடத்திலேயே தலையில் விழுந்த ஒரு வலது கை அடியில் கீழே தள்ளினார். முதல் ரவுண்டில் இரண்டு முறை, இரண்டாவதில் இரண்டு முறை, அத்தோடு சண்டை முடிந்தது. கையுறைக்குள் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று நார்வாயஸ் தரப்பு பார்க்கக் கேட்டது. கேட்டதில் தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது! அந்த அடி இனோவேயின் கையையும் பதம் பார்த்தது, ஒரு வருடம் சண்டை இல்லை. வலுவுக்குத் தாங்கும் கை வேண்டும் என்பதும் இதில் ஒரு பாடம்.

2018-ல் 118 பவுண்டு பேண்டம்வெயிட். ஜேமி மெக்டானலை முதல் ரவுண்டிலேயே முடித்தார். அடுத்து வந்த ஹுவான் கார்லோஸ் பயானோ தாங்கியது 70 வினாடி.

2019 நவம்பரில் சைத்தாமாவில் நடந்த முதல் டொனேர் சண்டை வேறு ரகம். 126 பவுண்டு ஃபெதர்வெயிட் வரை போய்ப் பட்டம் வென்றுவிட்டுத் திரும்பி இறங்கி வந்தவர் டொனேர். இரண்டாவது ரவுண்டில் அவருடைய இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) இனோவேயின் வலது இமையைக் கிழித்தது. கண்குழி எலும்பும் உடைந்தது. எதிராளி இரண்டாகத் தெரிய, மீதி ரவுண்டுகளை ஆடினார். பதினொன்றாவது ரவுண்டில் விலாவுக்குக் கீழே, கல்லீரல் இருக்கும் இடத்தில், ஒரு இடது ஹூக். டொனேர் உடனே விழவில்லை. திரும்பி, கயிற்றோரமாகச் சில அடி நடந்துபோய், அப்புறம்தான் மண்டியிட்டார். கல்லீரல் அடி அப்படித்தான், ஒரு கணம் தாமதித்துத்தான் உடம்பு மடங்கும். எழுந்து கடைசிவரை நின்றார் என்பது டொனேரின் பெருமை. 2022 ஜூனில் மறுபடி மோதியபோது இனோவே இரண்டே ரவுண்டில் முடித்தார்.

ஒரு சின்னக் குறை சொல்கிறேன். நான்கு அமைப்புகள் ஆளுக்கொரு பெல்ட் கொடுக்கும் காலத்தில் ‘உலகச் சாம்பியன்’ என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இனோவே 2022 டிசம்பரில் பால் பட்லரை வீழ்த்தி நான்கையும் சேர்த்தார். பேண்டம்வெயிட்டில் அதற்கு முன் போட்டியில்லாத ஒரே சாம்பியன் என்று சொல்ல, 1972-ன் என்ரிக்கே பின்டர் வரை போக வேண்டும்.

2023 ஜூலையில் 122 பவுண்டில் ஸ்டீஃபன் ஃபுல்டன். இனோவேயைவிட உயரம், கை நீளம். ‘இனி வலு எடுபடாது’ என்று பலர் சொன்னது இந்தச் சண்டைக்கு முன்தான். இனோவே வயிற்றுக்கு ஜாப் (முன் கையை நேராக நீட்டிப் போடும் சின்னக் குத்து) போட்டுக்கொண்டே இருந்தார். வலிக்க வைக்கும் ஜாப் இல்லை, கவனத்தைக் கீழே இழுக்கும் ஜாப். எட்டாவது ரவுண்டில் அதே ஜாப் வயிற்றுக்குப் போனது, ஃபுல்டனின் பார்வையும் கூடவே போனது, மேலே வலது கை வந்து இறங்கியது. பின்னாலேயே பாய்ந்து வந்த இடது ஹூக்கில் ஃபுல்டன் விழுந்தார். உங்கள் கேள்விக்கு என் பதிலில் பெரும்பகுதி இந்த மூன்று அடிகளில் இருக்கிறது. பார்த்து வாங்கும் அடியைத் தாங்கிக்கொள்ளலாம், பார்க்காமல் வாங்கும் அடிக்கு எடைப்பிரிவு பெரிய பாதுகாப்பு இல்லை. அதே டிசம்பரில் மார்லன் டபாலஸையும் முடித்து, இரண்டாவது எடையிலும் நான்கு பெல்ட்டும் அவர் கைக்கு வந்தன.

எடை ஏறியதற்கு அவர் விலையே கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அதை வாங்கும் அடியில் கொடுக்கிறார். 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நெரி அவரை முதல் ரவுண்டிலேயே கீழே தள்ளினார். தொழில்முறையில் அவர் விழுந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த மே மாதம் லாஸ் வேகஸில் ரமோன் கார்டனாஸ் இரண்டாவது ரவுண்டில் தள்ளினார். இரண்டு முறையும் எழுந்து எதிராளியை முடித்தார், சரி. ஆனால் இரண்டுமே இடது கை அடிகள், இரண்டுமே அவர் அடிக்க ஆசைப்பட்டு முன்னே போன நேரத்தில் வந்தவை. 126 பவுண்டுக்குப் போனால் அவர் குத்து எடுபடுமா என்று நான் கவலைப்பட மாட்டேன், அந்த இடது கைகளைத்தான் கவனிப்பேன்.