கொழும்புக்கு எத்தனை எழுத்து? கைபேசிக் கேள்வி பதில்

புறக்கோட்டையில் பல வருடம் போன் திருத்தியவன் நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

முதல் செல்போன் கோலில் என்ன கதைத்தார்கள் அண்ணா? (வெள்ளவத்தை)

வம்புதான் தம்பி. 1973 ஏப்ரல் 3, நியூயோர்க் தெருவில் நின்றபடி மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் கோல் எடுத்தார். வீட்டுக்கு அல்ல, போட்டி நிறுவனமான பெல் ஆய்வுகூடத்தின் ஜோயல் எங்கலுக்கு! கையில் வைத்துக் கதைக்கும் போனிலிருந்து பேசுகிறேன் என்று பெருமையடிக்கத்தான். அந்தப் போன் ஒரு கிலோவுக்கு மேல். பத்து வருடம் கழித்து டைனாடாக் என்ற பெயரில் வந்தபோது விலை 3,995 டொலர்.

இந்தியாவுக்குப் பிறகுதானே இலங்கைக்கு வந்தது? (கொட்டாஞ்சேனை)

இல்லை, நாங்கள்தான் முந்தி. இங்கே 1989இலேயே செல்டெல் வந்துவிட்டது, தெற்காசியாவின் முதல் செல்போன் சேவை அது. இந்தியாவில் முதல் கோல் 1995இல்தான்.

அம்மாவுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இரண்டு மெசேஜ் காசு வெட்டுகிறார்கள். அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒன்றுதான். ஏன் அண்ணா? (தெஹிவளை)

நல்ல கேள்வி தங்கச்சி. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குக் கிடைக்கும் இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 அடங்கும். தமிழுக்கு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறி வைத்திருக்கும் யூனிகோட் வேண்டும், ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். வகுத்துப் பாருங்கள், 70தான் வரும்.

அந்த எழுபதும் முழுசாகக் கிடைக்காது. 'கொழும்பு' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. போனுக்கோ எட்டு! க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று, ழ ஒன்று, அதன் உகரம் ஒன்று, ம் என்பதில் புள்ளிக்குத் தனியாக ஒன்று, இப்படியே போகும். புள்ளிக்கும் காசு கட்டுகிற சனம் நாங்கள்.

160 என்ற கணக்கு வந்த கதையும் வேடிக்கை. 1985இல், எஸ்எம்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் டைப்ரைட்டரில் மனதுக்கு வந்ததையெல்லாம் அடித்து, எழுத்துகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லாமே 160க்குள் அடங்கின. தமிழில் அடித்துப் பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?

இன்னொன்று: ஆங்கில மெசேஜில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ இமோஜியோ விழுந்தாலும் முழு மெசேஜும் 70 கணக்குக்கு மாறிவிடும். ரீலோட் காசு கரைவது இப்படியும்தான்.

பெற்றோல் ஷெட்டில் போன் கதைத்தால் தீப்பிடிக்குமா? (மருதானை)

போனால் பிடித்ததாக உறுதியான சம்பவம் இல்லை. உடம்பில் சேரும் நிலைமின்சாரப் பொறிதான் ஆபத்து. அதற்காக அங்கே நின்று கதைக்க வேண்டாம், பலகையில் போட்டிருப்பதைக் கேளுங்கள்.

பழைய நோக்கியாவில் மெசேஜ் வந்தால் கேட்கும் 'டிட்-டிட்-டிட்' என்ன? (வத்தளை)

அந்தக் காலத்தில் தந்தி அடித்த மோர்ஸ் மொழி. மூன்று குறில், இரண்டு நெடில், மூன்று குறில். எஸ்எம்எஸ் என்றே அடிக்கிறது.

அதிகம் விற்ற போன் ஐபோன்தானே? (பம்பலப்பிட்டி)

இல்லை தம்பி. 2003இல் வந்த நோக்கியா 1100, 25 கோடிக்கு மேல் விற்றது. கேமரா இல்லை, இன்டர்நெட் இல்லை, உச்சியில் டோர்ச் மட்டும் இருந்தது. மின்வெட்டு நாட்டில் வேறென்ன வேண்டும்? என்னுடையது இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. கரண்ட் போனால் வீட்டில் முதலில் தேடுவது அதைத்தான்.